சிவப்புக்கு அப்புறம் பச்சை

பேர், அப்பா பேர், ஊர், அப்புறம் கலர். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை. அப்புறம் மூக்கு எங்கே, காது எங்கே, அதற்கப்புறம் படம், மாடு, நாய், பஸ், அவ்வளவுதான், இதற்கு மேல் வராது, வந்தாலும் ஒன்றிரண்டுதான் வரும் என்று மங்கையர்க்கரசி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நகராட்சி நடுநிலைப்பள்ளியின் வராந்தாவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் தனுஸ்ரீ. எட்டு வயசுப் பிள்ளை மடியில் உட்காருகிற பிள்ளையா என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும், இறக்கிவிட்டால் ஒரே ஓட்டமாக வராந்தாவின் கோடிக்கு ஓடுவாள், அங்கே கேட் திறந்துகிடக்கிறது, கேட்டுக்கு வெளியே ரோடு. அதனால் இடது கை மகளின் இடுப்பைச் சுற்றிக் கிடந்தது, வலது கை அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சிவப்பு, ஆள்காட்டி விரல் பச்சை. தனு தலையை ஆட்டி ஆட்டிக் கூடவே முணுமுணுத்தாள், அவளுக்கு அது பாட்டு. புது ஃப்ராக், ரெட்டைச் சடை, நெற்றியில் சாந்துப் பொட்டு. சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் முழங்கையெல்லாம் சிவந்திருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துகிற மாதிரியல்லவா ஜோடித்துக் கூட்டிவந்திருக்கிறாய் என்று யாராவது கேலி செய்திருந்தால் மங்கை ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். நாலு பேர் முன்னால் பிள்ளையை நிறுத்தும்போது பழசைப் போட்டா நிறுத்துவார்கள்?

வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற முகாம் இது. தனிக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளை வட்டார வள மையத்துக்காரர்கள் இங்கே வரவழைத்து, டாக்டரையும் உளவியல் சாரையும் உட்காரவைத்துப் பார்ப்பார்கள், எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி என்பது இங்கேதான் முடிவாகும். முகாம் என்றுதான் நோட்டீஸில் போட்டிருந்தது. மங்கை அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டாள். மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு சார், கேள்வி, பதில், கடைசியில் ஒரு முடிவு, இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? பரீட்சை என்றால் மங்கை டீச்சருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பி.எட். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் வீட்டு முன்னறையில் டியூஷன் ஆரம்பித்தவள் அவள். புரியவைக்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. பழைய வினாத்தாள்களைப் புரட்டி, இது வரும், இது வராது, இது வந்தே தீரும் என்று பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவாள். புரியாவிட்டால் மனப்பாடம், மனப்பாடம் ஏறாவிட்டால் இம்போசிஷன். மங்கை டீச்சரிடம் படித்த பிள்ளை பெயிலானதாக அந்தத் தெருவில் பேச்சே கிடையாது. தறிக்குப் போகிற பையனும் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டுத்தான் போவான். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பாஸ், வீட்டுப் பிள்ளை மட்டும்... என்று யாரோ எங்கோ வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது அவளுக்குத் தூக்கத்தில்கூடக் கேட்கும். அதனால்தான் நோட்டீஸ் வந்த அன்றைக்கே ராசாத்திக்குப் போன் போட்டாள். ராசாத்தியின் மூத்தவன் மங்கையிடம் டியூஷன், இளையவனைப் போன வருஷம் இதே முகாமுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். என்னென்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள், பதிலைத் தமிழில் சொல்லணுமா இங்கிலீஷிலா என்று ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் ராசாத்தி, "டீச்சர், இன்னொரு விசயம்," என்று எதையோ ஆரம்பித்தாள். கேள்வி கையில் வந்த பிறகு பேச்சு என்ன பேச்சு, பிள்ளைகள் வந்துட்டாங்கம்மா, வச்சிடுறேன் என்று வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை இடம் கிடைக்காவிட்டால் தனுவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இது மங்கையின் கற்பனை இல்லை, தனு இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்துக்கு நேரே சொன்னது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம், அழமாட்டாத குறையாகத்தான் சொன்னார். "நாப்பது பிள்ளைகளை ஒரு டீச்சர் பாக்குறாங்கம்மா. இவ எந்திரிச்சு ஓடுனா பின்னாடி ஓடுறதுக்கு எங்கிட்ட ஆளில்ல. நகராட்சிப் பள்ளிக்கூடத்துல தனி ரூம் இருக்கு, ஆயா இருக்காங்க, வேன் இருக்கு. அங்க இடம் வாங்குங்க. இல்லாட்டி வீட்லயே வச்சுக்கங்க." வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று மங்கைக்குத் தெரியும். கதவைப் பூட்டி வைத்துக்கொள்வது. முன்னறையில் ஊர்ப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல, உள்ளறையில் தன் பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டிருப்பது. பூட்டாமல் இருக்கவும் முடியாது, அந்த பஸ் ஸ்டாண்டு நாளை எப்படி மறப்பது? இடைவேளையில் தனு கேட்டைத் தாண்டி நடந்துவிட்டாள், யாரும் பார்க்கவில்லை, மணி அடித்த பிறகுதான் தேடியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற வளைவில் நடுரோட்டில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மங்கை செருப்பில்லாமல் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸின் மூக்கு பிள்ளையின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான், பிள்ளை பெத்தா மட்டும் போதுமா என்றான், திட்டும்போது அவன் கை நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்கு மறக்கவே மறக்காது. இப்போதும் அந்தப் பக்கம் பஸ் ஏறப் போகும்போதெல்லாம் கண்ணை வேறு எங்காவது வைத்துக்கொள்வாள். இடம் கிடைக்கணும். அதற்குப் பரீட்சை பாஸாகணும். சிவப்பு, பச்சை, நீலம்.

"எதுக்கு டீச்சர் பிள்ளைய இம்புட்டுப் படுத்துறீக?" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. குருவம்மா என்று பேர் சொல்லியிருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலையாம், மடியில் தலைவைத்துப் படுத்திருந்த பையனுக்கு மீசை அரும்பியிருந்தது, வாயோரத்தில் வழிவதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மங்கை சிரித்தாள், பரீட்சைக்கு முன்னால் அடுத்த பெஞ்சுக்காரி வந்து என்ன படிச்சே என்று கேட்டால் வருகிற சிரிப்பு. "சும்மாதான், கலர் சொல்லிக் குடுக்குறேன்," என்றாள். அதற்குள் சிறப்பாசிரியை ஜெசிந்தா வாசலில் வந்து நின்று, தனுஸ்ரீ யாரும்மா, வாங்க, அம்மா வெளியவே இருங்க, அம்மா உள்ள வந்தா எடுத்துக் குடுத்திருவாங்க என்று சிரித்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார். மடி வெறுமையானது. மங்கை எழுந்து ஜன்னலோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பியில் பழைய பெயிண்ட் உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது. பின்னாலிருந்து குருவம்மாவின் குரல், யாருக்கோ சொல்வது மாதிரி, நிதானமாக வந்தது. "போன வருசம் எம்மவனும் நல்லாத்தான் சொன்னான். பேரு சொன்னான், மாடு சொன்னான், சார் கை குடுத்தாக. எனக்குப் பெருமை பிடிபடல. கடைசியில, நல்லா இருக்கான்மா, தனி ரூமெல்லாம் வேண்டாம், வழக்கமான வகுப்புலயே உக்காரட்டும்னு சொல்லிட்டாக. அங்க போனா நாலாம் நாள் திருப்பி அனுப்பிட்டாக. ஒரு வருசம் வீட்லதான் கெடந்தான். நம்ம பிள்ளை எம்புட்டு நல்லா சொல்லுதோ அம்புட்டுக்கு நமக்கு இடம் இல்ல டீச்சர். இது அப்படிப்பட்ட பரீட்சை." மங்கை திரும்பவில்லை. திரும்பினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. டீச்சர், இன்னொரு விசயம் என்று போனில் ராசாத்தி இழுத்தாளே, அந்த விஷயம் இதுதான். வினாத்தாள் வாங்கியவள் மார்க் எப்படிப் போடுவார்கள் என்று கேட்கவில்லை. முதல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிற விஷயத்தை டியூஷன் டீச்சரே கேட்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது, அந்தக் குரங்கு இப்போது உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, ரெட்டைச் சடையோடு.

"உன் பேர் என்ன?" உளவியல் சார் சின்ன வயசுக்காரர், மேஜையை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. தப்பாய்ச் சொல்லு என்று மங்கையின் மனசு சொன்னது. சொன்ன மறுநொடியே அந்த மனசை அறையலாம் போலிருந்தது. "தனுஸ்ரீ," என்றது பிள்ளை, கணீரென்று, வராந்தாவுக்கே கேட்டது. "அப்பா பேர்?" இது வேண்டாம், இதையாவது மறந்துவிடேன், எத்தனையோ நாள் மறந்திருக்கிறாயே. அப்பா பேருக்கு மட்டும் எவ்வளவு பாடு, நாக்கு புரளாது, செல்வமணியில் மணி வரும், செல்வம் வராது. முந்தாநாள் அவர் மதுரைக்கு லோடு ஏற்றிப்போய்விட்டுத் திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது மங்கை பிள்ளையைக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தி, கேளுங்க, உங்கப்பா பேரு என்னன்னு கேளுங்க என்றாள். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். செல்வமணி என்று முழுசாக வந்து விழுந்ததும் அந்த மனுஷன் குழாயை மூட மறந்து அப்படியே நின்றார், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய முதுகு குலுங்கியது. எட்டு வருஷத்துக்கப்புறம் தன் பேரைத் தன் பிள்ளை வாயால் கேட்ட மனுஷன். அன்றைக்கு அது கடவுள் கொடுத்தது. இன்றைக்கு அதே பதில் இவள் கழுத்துக்குக் கத்தி. "செல்வமணி," என்றாள் தனு உள்ளே. அடிப்பாவி, அழகாய்ச் சொன்னாயடி என்று மங்கைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஊர் பேரும் சொல்லிவிட்டாள். சார் ஜெசிந்தா டீச்சரைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவம் ஒரு இஞ்ச் உயர்ந்தால் வேன் ஒரு தெரு தள்ளிப் போகும் என்று மங்கை கணக்குப் போட்டாள். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் அவளுக்கு இப்போதுதான் ஓடும்.

ஓடேன். எழுந்து ஓடேன். தினமும் ஓடுகிறவள்தானே, சோறு ஊட்டினால் ஓடுவாள், தலை வாரினால் ஓடுவாள், கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் மேடையைச் சுற்றி ஓடி ஐயர் மேல் மோதியவள், இன்றைக்கு என்ன சம்மணம் வேண்டியிருக்கிறது? யார் உட்காரச் சொன்னது? நான்தான் சொன்னேன். நான்தான் பாயை விரித்துப் போட்டு, நான் சாராக எதிரில் உட்கார்ந்து, எழுந்தால் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, உட்கார்ந்தால் ஒரு கடலைமிட்டாய் கொடுத்துப் பழக்கினேன். அந்தத் தட்டு சில சமயம் தட்டாக இல்லை, அடியாகவே விழுந்தது, விரல் பதிந்த இடத்தை அன்றைக்கு இரவு தேங்காயெண்ணெய் போட்டுத் தடவிக்கொடுத்தேன், அவள் அழக்கூட இல்லை, என் கையைப் பிடித்து விரலை எண்ணினாள், சிவப்பு, பச்சை என்று. உள்ளே சார் மரப்பெட்டியைத் திறந்தார். கட்டைகள் பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்தன, ஓரத்தில் சிவப்பு, பக்கத்தில் பச்சை, ராசாத்தி சொன்ன அதே வரிசை, ஒரு இம்மி மாறவில்லை. அரசாங்கத்துப் பெட்டி, வருஷா வருஷம் அதே பெட்டி, அதே அடுக்கு. டியூஷனில் எந்தக் கேள்வி வரும் என்று வட்டம் போட்டுக் கொடுத்து, அதுவே வந்துவிட்டால் பிள்ளைகள் ஓடிவந்து டீச்சர் அப்படியே வந்திருச்சு டீச்சர் என்று குதிப்பார்கள், அவளும் குதிப்பாள். இப்போது அப்படியே வந்திருக்கிறது. "இது என்ன கலர்?" "சிவப்பு." "இது?" "பச்சை." சார் கட்டையை எடுக்கிற வேகத்துக்கு முன்னாலேயே பதில் வந்தது, கட்டையை அவள் பார்க்கக்கூட இல்லை, கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பார்க்காமல் சொல்கிறாளே, சாருக்கு இது உறைக்கவேண்டாமா, படித்தவர்தானே, என்ன கண் இது? உறைக்கவில்லை. "வெரி குட்," என்றார். "நீலம், மஞ்சள், வெள்ளை," என்று மீதியைத் தனு ஒரே மூச்சில் தானாகவே கொட்டினாள், சார் சிரித்துவிட்டார். கை தட்டினார். ஜெசிந்தா டீச்சரும் தட்டினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மங்கையின் கைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன, தட்டத்தான் போயின, அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூக்கைத் தொட்டாள், காதைத் தொட்டாள். மாடு என்றாள், பஸ் என்றாள், பஸ் என்று சொன்னபோது மங்கைக்கு முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்ற அந்தப் பச்சை மூக்கு கண்ணுக்குள் வந்து போனது. வீட்டில் வளையல் வைத்துத்தான் கலர் பழக்கினாள். பெரிய மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள், ஒரு கோலில் வரிசையாகக் கோத்து வைத்திருந்தாள், ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கேட்பாள். ஒரு நாள் கோல் கைதவறி விழுந்து வளையலெல்லாம் தரையில் சிதறிவிட்டன. பொறுக்கி எடுத்துக் கோக்கும்போது முன்னது பின்னதாக மாறிவிட்டது, கவனிக்கவில்லை, எதுவும் தெரியாமல் தள்ளிக் கேட்டாள். வெள்ளை வளையலைக் காட்டினால் சிவப்பு என்றாள் தனு. நீலத்துக்குப் பச்சை என்றாள். ஒன்றுகூடச் சரியில்லை, ஆனால் வரிசை மட்டும் அப்படியே இருந்தது. மங்கை ஒரு நிமிஷம் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எல்லாவற்றையும் கழற்றிப் பழைய வரிசையில் திருப்பிக் கோத்து, எங்கே, சொல்லு என்றாள், சரியாக வந்தது, கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான், அந்த விஷயத்தை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் இல்லை. டியூஷனில் இது சகஜம், கேள்வியை இம்மி மாற்றிக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் முழிக்கும், மாற்றிக் கேட்கமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் அவளுடைய பிழைப்பே ஓடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுதான், ஆனால் பரீட்சையில் யாரும் கறி சமைக்கச் சொல்வதில்லையே. இங்கேயும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியாது என்பது இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"நல்லா பண்றாளே டீச்சர்," என்று சார் ஜெசிந்தாவிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "நல்லா உக்காருறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. தனி ரூம் தேவைப்படாது. சாதாரண வகுப்புலயே போடலாம்." ஜெசிந்தா டீச்சர், அவங்கம்மா நல்லா உழைச்சிருக்காங்க சார், அவங்களும் டீச்சர்தான் என்றார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு மங்கை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நாலு நாள் நடந்திருப்பாள். போய்ச் சொல் என்றது மனசு. என்ன சொல்வது? என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றா? அது தனுவின் காதில் விழுமே. பேச்சு புரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு அவளை வைத்துக்கொண்டே என்னென்னவோ பேசுவார்கள், நாத்தனார் பேசாததா, இது எங்க வம்சத்துலயே கெடையாது, எந்த வழியா வந்துச்சோ என்று பிள்ளைக்கு எதிரிலேயே சொன்னவள்தானே. அன்றைக்கு ராத்திரி தனு சாப்பிடவில்லை. அவளுக்குப் புரியும். கலர் புரியாது, சொல் புரியும். நாத்தனாரிடம் சண்டைக்குப் போய், எம்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், நீங்க வேணாப் பாருங்க, ஒரு நாள் எல்லாம் சொல்லுவா என்று சபதம் போட்டுவிட்டு வந்தவள், இன்றைக்கு அவள் எல்லாம் சொல்லியிருக்கிற நேரத்தில், தானே உள்ளே போய் அதை இல்லை என்று ஆக்கவா? பேசாமல் இருந்துவிடலாம். ஒரு வருஷம் பூட்டி வைத்துக்கொள்ளலாம், டியூஷனை விட்டுவிடலாம், கூடவே இருக்கலாம், எத்தனை நாள் கூடவே இருக்கமுடியும், குளிக்கப் போகிற நேரத்தில், கதவைத் தாழ்போட மறக்கிற ஒரு நேரத்தில். பஸ் டிரைவரின் கை. எல்லா டிரைவருக்கும் அன்றைக்கு மாதிரி பிரேக் பிடித்துவிடுமா? சார் பேனாவைத் திறந்துவிட்டார். எழுதிவிட்டால் அடுத்த வருஷம்தான். மங்கையின் கால் நகர்ந்தது, அவள் நகர்த்தியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"சார், வரிசைய மாத்திக் கேளுங்க." வாசலில் நின்று சொன்னாள். குரல் அவளுடைய குரலாக இல்லை. சார் நிமிர்ந்தார். "என்னம்மா?" "கலர வரிசை மாத்திக் கேளுங்க சார். அவளுக்குக் கலர் தெரியாது. வரிசைதான் தெரியும். நாந்தான் போன வருசக் கேள்வியக் கேட்டு வாங்கி உருப்போட வச்சேன்." ஜெசிந்தா டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். தனுவுக்கு அம்மா வந்துவிட்ட சந்தோஷம், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் கடலைமிட்டாய் கிடையாதல்லவா. சார் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். அவர் திட்டவில்லை. "சரிம்மா. எனக்குப் பின்னால நின்னுக்கங்க. வாயத் திறக்கக் கூடாது," என்றார். பெட்டியைக் கவிழ்த்தார், கட்டைகள் பாயில் உருண்டன, அவர் கைகளால் கலைத்தார். மங்கை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே நின்றால் பிள்ளையின் முகம் நேர் எதிரே. தனு ஃபேனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

சார் நீலத்தை எடுத்தார். "இது என்ன கலர் தனு?" "சிவப்பு." தப்பு. வேண்டியது அதுதான், அந்தத் தப்புக்குத்தான் இத்தனையும். பதில் சொன்னவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், சொன்னேன் பார்த்தாயா என்கிற பார்வை. இந்தப் பார்வைக்கு என்ன செய்வது என்று மங்கை யோசித்து வைத்திருக்கவில்லை. இல்லை என்று முகத்தில் காட்டினால் பிள்ளை வாடிப்போகும், இத்தனை பேர் முன்னால் வாடிப்போகும். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் கண்ணு, சரி கண்ணு என்று ஆட்டினாள். தனுவின் முகம் மலர்ந்தது. சார் வெள்ளையை எடுத்தார். "பச்சை." மங்கை தலையாட்டினாள். பொய்க்குத் தலையாட்டுகிறாய், ஆட்டு, இதுதான் உன் கூலி. சாரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது, அது ஓட ஓட வேன் கிட்டே கிட்டே வருகிற சத்தம் அவளுக்குக் கேட்டது, ஆயா கேட்டில் நின்று பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொள்வது தெரிந்தது. இன்னும் ஒன்றிரண்டு. இன்னும் ஒன்றே ஒன்று. சார் மஞ்சள் கட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

வரிசைப்படி அடுத்து நீலம். நீலம் என்று சொல்லவேண்டிய இடம், வாயில் தயாராக இருக்கிற சொல். தனு சொல்லவில்லை. தலை ஆடுவது நின்றது. கட்டையைப் பார்த்தாள், இத்தனை நேரத்தில் முதல்முறையாகப் பார்த்தாள், கையை நீட்டி ஒற்றை விரலால் அதன் ஓரத்தைத் தொட்டாள். "மஞ்சள்," என்றாள். மெதுவாக, பாட்டில்லாமல், தன் சொந்தக் குரலில். வரிசையில் இல்லாத இடத்தில், யாரும் எடுத்துக் கொடுக்காமல், அவளாகப் பார்த்து, அவளாகத் தெரிந்து. தெரிந்திருக்கிறது. ஒன்று தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்துகொண்டாள், எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், எத்தனை நாளாகத் தெரியும், ஒன்றும் மங்கைக்குத் தெரியாது. ஓடிப்போய் அள்ளிக்கொள்ளவேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. சாரின் பேனா நின்றது. "ஓ," என்றார் அவர், இன்னும் உன்னிப்பாகப் பிள்ளையின் பக்கம் சாய்ந்தார், அந்தச் சாய்வில் வேன் வந்த வழியே திரும்புகிற சத்தம் மங்கைக்குக் கேட்டது. தனு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். நீலத்துக்குச் சிவப்பு என்றபோது ஆடிய தலை, வெள்ளைக்குப் பச்சை என்றபோது ஆடிய தலை, இப்போது ஆடவேண்டும். ஆடவில்லை. மங்கை ஆட்டப் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள், கழுத்து நகரவில்லை. தனு காத்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, கட்டையைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள். விரலைக் கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நீலம்," என்றாள்.

மங்கையர்க்கரசி தலையை ஆட்டினாள். தனு சிரித்தாள், சார் எழுதிக்கொண்டார்.